இளம் விண்மீன்களின் தூசி தட்டு

தென்கரைப் பல்கலைக்கழகத்தில் பிழை நடப்பதில்லை. நடந்தால் அதை விசாரிக்க ஒரு குழு வேண்டும். குழுவுக்குத் தலைவர் வேண்டும். தலைவர் வந்து போகக் கார் வேண்டும். கார் இருக்கிறது, ஓட்டுநர் பணியிடம் ஏழு வருடமாகக் காலி. ஆகவே பிழையே நடப்பதில்லை என்று ஒருமனதாக முடிவு செய்துவிட்டார்கள். மேலூர்ச் சாலையில் நான்கு மாடிக்கு எழும்பி நிற்கும் அந்த நிர்வாகக் கட்டடத்தில் அந்த முடிவு இன்றுவரை கட்டிக் காக்கப்படுகிறது.

இது ஆரோக்கியநாதன் அவர்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையும் கைக்குடையுமாகக் கே.கே. நகர் வீட்டிலிருந்து அத்தனை நம்பிக்கையோடு புறப்பட்டிருக்க மாட்டார்.

அவருக்கு வயது எழுபத்து மூன்று. மிஷன் பள்ளியில் முப்பத்தாறு வருடம் தமிழாசிரியர். அவருடைய தகப்பனாரும் அதே பள்ளியில் தமிழாசிரியர்; தகப்பனாருக்குத் தகப்பனாரும் அப்படியே. மூன்று தலைமுறையாக அந்தக் குடும்பத்தில் சொத்தும் சேரவில்லை, ஒற்றுப்பிழையும் சேரவில்லை. மளிகைச் சீட்டில்கூடக் ‘கடலைப் பருப்பு’ என்று ‘ப்’ போட்டுத்தான் எழுதுவார்கள். ஒருமுறை மைத்துனர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் ஒன்பது பிழை இருந்ததைக் கண்டு, சிவப்பு மையில் திருத்தி, அதே உறையில் திருப்பி அனுப்பி வைத்தார். மைத்துனர் பதினோரு வருடமாகப் பேசவில்லை. “பேசினால் அதிலும் பிழை இருக்கும்” என்பது ஆரோக்கியநாதனின் கருத்து.

இப்படிப்பட்ட வீட்டில் பிறந்த ஒரே மகள் ஷெரின், தமிழை விட்டுவிட்டு வானத்தைப் பிடித்துக்கொண்டாள். தென்கரைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு நாலாம் வருடம். அவள் என்ன படிக்கிறாள் என்பதைச் சாப்பாட்டு மேசையில் ஒருநாள் விளக்கினாள்.

“நட்சத்திரம் பொறந்த புதுசுல அதைச் சுத்தித் தூசியும் வாயுவும் தட்டு மாதிரி சுத்திக்கிட்டே இருக்கும்பா. அந்தத் தூசிதான் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, உருண்டு, கடைசியில கோளாகுது. நம்ம பூமியும் அப்படி வந்ததுதான்.”

“தட்டுன்னா, சாப்பிடுற தட்டா?” என்றார் தாயார் சகாயமேரி.

“தோசைன்னு வச்சுக்கங்கம்மா. நடுவுல நட்சத்திரம். சாதாரண வெளிச்சத்துல பாத்தா தூசி மறைச்சிரும். ஆனா அந்தத் தூசி சூடாகி அகச்சிவப்புக் கதிரை வெளிய விடும். அது நம்ம கண்ணுக்குத் தெரியாது, கருவிக்குத் தெரியும். அதைப் பிடிச்சா, தோசையில எங்க கனமா இருக்கு, எங்க ஓட்டை இருக்குன்னு சொல்லிரலாம். ஓட்டை இருந்தா அங்க ஒரு கோள் உருவாகுதுன்னு சந்தேகப்படலாம்.”

“ஓட்டை விழுந்தா மாவு சரியில்லைன்னு அர்த்தம்” என்று சொல்லிவிட்டுச் சகாயமேரி ரசம் எடுக்கப் போனார்.

வடக்கே பனிமலை மேலிருக்கும் ஒரு தொலைநோக்கியில், நவம்பர் கடைசியில் இரண்டு இரவு ஷெரினுக்கு ஒதுக்கியிருந்தார்கள். அவள் பார்க்க வேண்டிய விண்மீன் வாகாகத் தெரிவது அப்போதுதான். விட்டால் அடுத்த வருடம். மார்ச்சோடு அவள் ஆராய்ச்சிக் காலம் முடிகிறது. ஆகவே அடுத்த வருடம் என்று ஒன்று அவளுக்குக் கிடையாது. அந்த வாரம் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் பல்கலைக்கழகத்தின் இசைவுக் கடிதம் மலைக்குப் போய்ச் சேர வேண்டும். வேண்டியது அவ்வளவுதான்: ஒரு கடிதம், ஒரு கையெழுத்து.

பல்கலைக்கழகத்தில் ஒரு விதி உண்டு. ஆய்வுத் தலைப்புகள் எல்லாம் தமிழிலும் இருக்க வேண்டும். அதைத் தகுதியுள்ள தமிழாசிரியர் ஒருவர் சான்றளிக்க வேண்டும். ஷெரின் தலைப்பைத் தந்தையே தமிழாக்கினார். ‘இளம் விண்மீன்களின் தூசித் தட்டு: ஓர் அகச்சிவப்பு ஆய்வு.’

“‘தட்டுகள்’னு போடலாமேப்பா. ஒண்ணு இல்ல, நிறைய” என்றாள் ஷெரின்.

“அஃறிணைக்குக் ‘கள்’ வேண்டியதில்லை. ‘மாடு மேய்ந்தன’ என்றால் பல மாடு என்று பிள்ளைகளுக்கே தெரியும். பல்கலைக்கழகத்துக்குத் தெரியாதா?”

இந்தக் கேள்விக்குத்தான் அவர் செவ்வாய்க்கிழமை முதல் விடை தேடிக்கொண்டிருந்தார். இசைவுக் கடிதம் வரவில்லை. சான்றளித்த தமிழாசிரியர் நேரில் வரவும் என்று ஓலைதான் வந்திருந்தது.

ஆராய்ச்சிப் பிரிவின் கண்காணிப்பாளர் பீமாராவ் மிக மரியாதையானவர். எழுந்து நின்று கும்பிட்டார். நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

“கோப்பு இங்க இல்லையே சார். துப்புரவுப் பிரிவுக்குப் போயிருச்சே.”

“வானியல் கோப்பு துப்புரவுப் பிரிவுக்கு எதற்குப் போகிறது?”

“தூசி தட்டணும்னு நீங்கதானே சார் சான்று குடுத்திருக்கீங்க?” பீமாராவ் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். தட்டச்சில் அழகாக இருந்தது: ‘இளம் விண்மீன்களின் தூசி தட்டு.’

ஆரோக்கியநாதனுக்குச் சோற்றில் கல் கடித்ததுபோல் இருந்தது. “‘த்’ எங்கே?” என்றார்.

“எந்த ‘த்’ சார்?”

“தூசிக்கும் தட்டுக்கும் நடுவில் நான் போட்ட ‘த்’. தூசித் தட்டு என்றால் தூசியாலான தட்டு. தூசி தட்டு என்றால் தூசியைத் தட்டு என்று ஏவல். நீங்கள் என் மகளுடைய ஆராய்ச்சியை வீட்டுவேலை ஆக்கிவிட்டீர்கள்!”

பீமாராவ் புண்படவில்லை. “சின்ன எழுத்துதானே சார். பெரிய எழுத்தெல்லாம் சரியாத்தானே இருக்கு?” என்று ஆறுதல் சொன்னார்.

துப்புரவுப் பிரிவு கட்டடத்தின் பின்புறம். அங்கே மேஸ்திரி மொக்கைச்சாமி, வாளிகளுக்கு நடுவே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அந்தப் பல்கலைக்கழகத்தில் கொடுத்த வேலையைக் கொடுத்த நாளில் முடிக்கும் ஒரே மனிதர் அவர்தான். துரதிருஷ்டம், இந்தக் கோப்பும் அவர் கையில் விழுந்தது.

“வாங்கய்யா. அந்த நட்சத்திர வேலைதானே? அது அன்னைக்கே முடிச்சாச்சுல்ல!”

“முடித்தாயிற்றா?”

“ஆமாய்யா. காயிதத்தைப் பாத்ததும் எனக்கும் கொஞ்சம் யோசனைதான். விண்மீனுக்கு எம்புட்டு உசர ஏணி கேக்குறதுன்னு. அப்புறம் நம்ம அழகுபாண்டிதான் சொன்னான், ‘அண்ணே, விழா மேடை வளைவுல ஜிகினா நட்சத்திரம் ஒட்டிருக்காகள்ல, அதைத்தான் சொல்றாக’ன்னு. ஏறிப் பாத்தா அம்புட்டும் தூசி! இளம் நட்சத்திரம்னு போட்டிருந்தாக. எது எளசு, எது முத்தலுன்னு எனக்குத் தெரியலை. எல்லாத்தையும் தட்டிவிட்டுட்டேன்.”

“கோப்பு எங்கே?”

“பணி முடிந்ததுன்னு முத்திரை போட்டு அனுப்பிச்சுட்டேனேய்யா” என்று மொக்கைச்சாமி பெருமையோடு சிரித்தார்.

ஆரோக்கியநாதன் பீமாராவிடம் திரும்பி வந்தார். பீமாராவ் சங்கடப்பட்டார். பணி முடிந்துவிட்ட ஆராய்ச்சிக்குத் தொலைநோக்கி எதற்கு என்று தணிக்கையில் கேட்பார்கள். அது போகட்டும் என்றாலும், கோப்பு இப்போது மாடியில் பாதுகாப்பு அலுவலரிடம் இருக்கிறது. தலைப்பின் பின்பாதியில் அவருக்கு ஒரு சந்தேகம்.

பாதுகாப்பு அலுவலர் உக்கிரபாண்டி காவல்துறையில் ஓய்வு பெற்றவர். புதன்கிழமை காலை அவர் அறைக்குள் ஆரோக்கியநாதன் நுழைந்ததும் கதவைச் சாத்தச் சொன்னார். கோப்பைத் திறந்து ஒரு சொல்லின் கீழே விரலை வைத்தார்.

“அகச்சிவப்பு. இதுக்கு என்னங்கய்யா அர்த்தம்?”

“சிவப்புக்கும் அப்பாற்பட்ட, கண்ணுக்குத் தெரியாத கதிர்.”

“அகம்னா உள்ளம். சரிதானே? நானும் தமிழ் படிச்சவன்தான். உள்ளத்துக்குள்ள சிவப்பு. அதுவும் கண்ணுக்குத் தெரியாத சிவப்பு.” உக்கிரபாண்டி நாற்காலியில் சாய்ந்தார். “இருபத்தெட்டு வருஷம் சர்வீஸ்ல எத்தனையோ சிவப்பைப் பாத்திருக்கேன். எல்லாம் வெளிய தெரிஞ்ச சிவப்பு. கொடி பிடிப்பான், கோஷம் போடுவான், நாமளும் பிடிப்போம். இது உள்ளுக்குள்ளேயே வச்சிருக்கிற சிவப்பு. சரி, அகத்துல சிவப்புன்னா, புறத்துல என்ன கலரு?”

“அய்யா, இது விண்மீன் பற்றியது.”

“இளம் விண்மீன். அதையும் கேக்கணும்னுதான் இருந்தேன். இளம்னா எம்புட்டு வயசு?”

“பத்து லட்சம் வருடம் இருக்கும் என்கிறாள்.”

உக்கிரபாண்டி சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். பிறகு ஒரு துண்டுத்தாளில் ‘வயது குறித்து முன்னுக்குப்பின் முரண்’ என்று எழுதிக் கோப்பில் செருகினார். மனுதாரரின் உள்ளத்தில் எந்த நிறமும் இல்லை என்று தகப்பனார் எழுதிக் கொடுத்தால் விடுவதாகச் சொன்னார்.

மூன்று தலைமுறையாக யாருக்கும் உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கொடுத்தறியாத வம்சம் அது. ஆரோக்கியநாதன் விறைத்து நின்றார். பிறகு நவம்பர் மாதத்தை நினைத்தார். ‘என் மகளின் அகம் நிறமற்றது’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். எழுதிய பிறகு படித்துப் பார்த்தபோது, பிழை எதுவும் இல்லை என்பது ஒன்றுதான் ஆறுதலாக இருந்தது.

அன்று மாலை வீட்டில் ஷெரின் கேட்டாள், “என்னப்பா ஆச்சு?”

“உன் நட்சத்திரத்தைச் சுத்தம் பண்ணிவிட்டார்கள். உனக்கும் நிறமில்லை என்று தீர்ப்பாகிவிட்டது.”

“கடிதம்?”

“பதிவாளர்தான் கொடுக்க வேண்டுமாம். வெள்ளிக்கிழமை மதியம் உன்னையும் அழைத்து வரச் சொன்னார்கள். ஏதோ பாராட்டாம்.”

“எதுக்குப் பாராட்டு? நான்தான் இன்னும் ஒண்ணும் பண்ணலையே?”

“அதற்காகத்தான் இருக்கும்” என்றார் சகாயமேரி, முருங்கைக்காயை நறுக்கிக்கொண்டே.

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு விழா அரங்கின் வாசலில் பெரிய பதாகை தொங்கியது. ‘தூசி தட்டு இயக்கம்: தொடக்க விழா.’ அதன் கீழே, ‘முன்னோடித் திட்டம்: இளம் விண்மீன்கள்’. மேடை வளைவில் ஜிகினா நட்சத்திரங்கள் பளபளவென்று மின்னின. ஓரமாக நின்றிருந்த மொக்கைச்சாமி அவற்றை அண்ணாந்து பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். ஷெரினை மேடைக்கு அழைத்து, பொன்னாடை போர்த்தி, குஞ்சம் கட்டிய தூசி துடைப்பான் ஒன்றை நினைவுப் பரிசாகக் கொடுத்தார்கள். அவள் அதைக் கையில் பிடித்தபடி எந்தப் பக்கம் இறங்குவது என்று தெரியாமல் நின்றாள்.

பதிவாளர் பாண்டியராஜன் ஒலிபெருக்கியைத் தட்டினார்.

“இந்தப் பல்கலைக்கழகத்திலே கோப்புகள் மேலே தூசி படிகிறது என்று சிலர் பேசுகிறார்கள். அபாண்டம். கோப்பின் மேல் தூசி படிய வேண்டுமென்றால் கோப்பு வெளியே இருக்க வேண்டும். இங்கே ஒரு கோப்பையாவது வெளியே பார்த்தவர்கள் உண்டா?”

கைதட்டல்.

“நான் பொறுப்பேற்றபோது பதினெட்டு ஆராய்ச்சிகள் நிலுவையிலே இருந்தன. இன்று ஒன்றே ஒன்றுதான். மற்ற பதினேழு பேரும் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார்கள். இந்தச் சாதனை தானாக வந்ததல்ல. ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கவனித்திருக்கிறோம். ஆராய்ச்சி என்றால் என்ன? எதையோ தேடுவது. தேடுகிற பொருள் கிடைக்காமல் இருக்கும்வரைதான் ஆராய்ச்சி நடக்கும். அந்த வகையில் எங்கள் அலுவலகத்தில் நடப்பதைப் போன்ற ஆராய்ச்சி உலகத்தில் வேறெங்கும் கிடையாது!”

முன்வரிசையில் பீமாராவ் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

விழா முடிந்து பதிவாளர் அறைக்குள் போனபோது மணி நாலு. இசைவுக் கடிதம் தயாராக மேசைமேல் இருந்தது. ஷெரின் வாங்கிப் படித்தாள், முகம் மாறியது. தலைப்பைத் தமிழிலிருந்து திரும்ப ஆங்கிலத்துக்கு மாற்றியிருந்தார்கள். விண்மீன்களின் தூசியை அகற்றும் பணிக்கு இசைவளிப்பதாகவும், அப்பணி ஏற்கெனவே இனிதே நிறைவேறிவிட்டதாகவும் அதில் இருந்தது.

“சார், இதை அனுப்பினா அங்க இருக்கிறவங்க சிரிப்பாங்க. நான் பாக்கப் போறதே அந்தத் தூசியைத்தான். அதைத் தட்டியாச்சுன்னு நீங்களே எழுதிக் குடுத்தா, எதுக்கு அங்க போறேன்னு கேட்டு என் ரெண்டு நாளையும் வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க.”

“ஒரு ‘த்’தைப் போட்டால் எல்லாம் நேராகிவிடும்” என்றார் ஆரோக்கியநாதன். “உங்கள் அலுவலகத் தட்டச்சில் விட்டுப்போன ஒரே ஓர் எழுத்து.”

பதிவாளர் இரு கைகளையும் விரித்தார். “அலுவலகப் பிழைன்னு நீங்க சொன்னா நான் மறுக்க மாட்டேன். விசாரணைக் குழு போடுறேன். தை மாசம் கூடும். சித்திரையில அறிக்கை. ‘த்’ வந்துரும்.”

“இன்றைக்கு ஐந்து மணி கெடு.”

“அதுக்கும் வழி இருக்கு.” பதிவாளர் குரலைத் தாழ்த்தினார். “விண்ணப்பதாரர் தரப்புப் பிழைன்னா குழு வேண்டாம். பத்து நிமிஷத்துல திருத்தம். சான்று குடுத்தது நீங்கதானே? ‘த்’தை நான்தான் விட்டுட்டேன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துருங்க. முடிஞ்சது.”



“வேண்டாம்பா” என்றாள் ஷெரின். “பிழை இல்லாத இடத்துல பிழைன்னு நீங்க எழுத வேண்டாம். விடுங்க. நான் வேற ஏதாவது வச்சு முடிச்சுக்கிறேன்.”

“வேறு ஏதாவது இருக்கிறதா?”

அவள் கையிலிருந்த துடைப்பானின் குஞ்சத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

ஆரோக்கியநாதன் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். நாலு பத்து. அவருடைய தகப்பனார் சாகக் கிடந்தபோதுகூட, ஜெபப் புத்தகத்தில் இருந்த ஒரு சந்திப்பிழையைச் சுட்டிக்காட்டிவிட்டுத்தான் கண்ணை மூடினார். அந்த வீட்டின் பேரால் ஒரு பொய்ப்பிழையை ஒப்புக்கொண்டு அரசாங்கக் கோப்பில் நிரந்தரமாகக் கிடப்பதா? அப்போதுதான், நான்கு நாளாக அவர் நினைக்காமல் ஒதுக்கி வைத்திருந்த ஒன்று எதிரே வந்து நின்றது. மகள் கேட்டபடி ‘தட்டுகள்’ என்று போட்டிருந்தால், ‘த்’ விடுபட்டாலும் எவனும் அதை ஏவல் என்று படித்திருக்க முடியாது. மொக்கைச்சாமி ஏணியில் ஏறியிருக்க மாட்டார். இலக்கணம் சரிதான். ஆனால் பிள்ளை கேட்டபோது சற்றுக் காது கொடுத்திருக்கலாம்.

“தாள் கொடுங்கள்” என்றார்.

பீமாராவ் ஓடிவந்து பக்கத்தில் நின்றார். “‘என்னுடைய கவன குறைவால்’னு ஆரம்பிங்க சார்.”

“‘கவனக்குறைவால்’. ‘க்’ வரும்” என்றார் ஆரோக்கியநாதன், தலை நிமிராமல்.

‘என்னுடைய கவனக்குறைவால் ஒற்று ஒன்று விடுபட்டது. பொறுத்தருளித் திருத்திக்கொள்ள வேண்டுகிறேன்.’ முப்பத்தாறு வருடம் மதிப்பெண் பட்டியலில் போட்ட அதே கையெழுத்தைப் போட்டார். பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

அதன் பிறகு நடந்ததை அந்தப் பல்கலைக்கழகத்தில் யாரும் அதற்கு முன் கண்டதில்லை. பீமாராவ் ஓடினார். உக்கிரபாண்டி முத்திரையோடு மாடியிலிருந்து இறங்கி வந்தார். ‘பணி முடிந்தது’ என்பதன்மேல் மொக்கைச்சாமி தம் கையாலேயே குறுக்குக்கோடு போட்டு, “மறுபடியும் தூசி படிஞ்சிருச்சுன்னு எழுதிக்கிறேன்யா” என்றார். நாலு ஐம்பதுக்குக் கடிதம் மலைக்குப் போயிற்று. குற்றம் வெளியாள்மேல் விழுந்துவிட்டால் தென்கரைப் பல்கலைக்கழகத்தின் வேகத்தை ஒளிக்கதிரால்கூட எட்ட முடியாது.

வீட்டுக்குத் திரும்பும்போது ஷெரினின் ஸ்கூட்டரில் பின்னால் ஆரோக்கியநாதன் குனிந்தே உட்கார்ந்திருந்தார்.  இரவு ஜெபத்தில் தவறுகளை மன்னிக்கக் கேட்கும் வரி வந்தபோது மட்டும் குரல் கொஞ்சம் பலமாக வந்தது.

ஷெரின் நவம்பரில் போனாள், திரும்பி வந்தாள், ஒரு மாதம் கணினியே கதியாகக் கிடந்தாள். பொங்கல் விடுமுறைக்கு முன்தினம் மாலை இரண்டு தாள்களோடு வீட்டுக்குள் நுழைந்தாள். ஒன்றில் ஒரு வளைகோடு இருந்தது.

“அப்பா, இங்க பாருங்க. இந்த இடத்துல கோடு இறங்குதுல்ல? இந்தத் தூரத்துல தூசி இருக்கணும், இல்லை. தட்டுல இடைவெளி இருக்குப்பா. அங்க ஏதோ ஒண்ணு உருண்டுக்கிட்டிருக்கு. இன்னும் உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா இருக்கு.”

“அந்த இன்னொரு தாள் என்ன?” என்றார் சகாயமேரி.

ஷெரின் தயங்கினாள். “ஒண்ணுமில்லம்மா.”

ஒன்றுமில்லாமல் இல்லை. பதிவாளர் கையொப்பமிட்ட சுற்றறிக்கை. எல்லாத் துறைகளின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டியிருந்தார்கள். கூடப் படிக்கும் பவதாரிணி ஒன்றைக் கிழித்துக்கொண்டு வந்து ஷெரினிடம் கொடுத்திருந்தாள். சகாயமேரி வாங்கி வாய்விட்டுப் படித்தார்.

“‘ஆய்வு தலைப்புகளை தமிழாக்கம் செய்வோர் ஒற்று பிழை இன்றி எழுத வேண்டும். அண்மையில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவரின் பிழையால் பல்கலைகழகத்துக்கு பெரும் இடையூறு...’ ஏங்க, உங்க பேரையும் போட்டிருக்காங்கங்க! ஊரே பாத்திருக்குமே!”

ஆரோக்கியநாதன் கையை நீட்டினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழ்வரை ஒருமுறை, கீழிருந்து மேல்வரை ஒருமுறை படித்தார். பழக்க தோஷத்தில் உதடு எண்ணிற்று. ஐந்து இடத்தில் பிழை. பெயர் இருந்த வரிக்கு வந்ததும் நின்றார். தாளைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அச்சில் இருந்தது ‘ஆரோக்கிநாதன்’. நடுவிலிருந்த ‘ய’வைக் காணோம்.

முதுகு மெல்ல நிமிர்ந்தது. மூன்று மாதமாக இல்லாத நிமிர்வு.

தாளை நான்காக மடித்து மனைவியிடம் கொடுத்தார். “யாரோ ஆரோக்கிநாதனாம். நமக்குச் சொந்தம் இல்லை. பாவம், தமிழ் சரியாக வராது போலிருக்கிறது” என்றார்.

பிறகு மகள் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“நீ அந்த இடைவெளியைச் சொல்லு.”